டாக்டர் கையெழுத்துப் போடாத வருஷம்

என் நாக்கைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டுவதைவிட நானே ஒப்புக்கொள்வது மரியாதை. என் பெயர் பெண்ணம்மா. எலவங்குன்னு மாட்டாஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் அட்டெண்டராக இருந்தேன். ஊசி போடும்போது மாட்டின் தலையைப் பிடித்துக்கொள்வேன், கோழி மருந்தைப் பொட்டலம் கட்டுவேன், ஆஸ்பத்திரியைப் பெருக்குவேன், சொல்லக் கூடாததை எல்லாம் வெளியே போய்ச் சொல்வேன். கடைசி வேலைக்கு அரசாங்கம் சம்பளம் தரவில்லை. ஆனாலும் அதை மட்டும் நான் ஒரு நாளும் லீவு போடாமல் செய்தேன்.

ராஹேல் கொச்சம்மாவைப் பற்றிச் சொல்ல வந்தால் என்னைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும். அவள் பட்ட கஷ்டத்தில் ஒரு பங்கு என்னால் வந்தது.

எங்கள் சபையில் பாதிரியாரை அச்சன் என்றும், அவர் மனைவியை கொச்சம்மா என்றும் கூப்பிடுவோம். ராஹேல் ராந்நிக்காரி, ஒரு பஸ் கண்டக்டரின் மூத்த மகள். எங்கள் அச்சன்மார் கல்யாணம் செய்வதாக இருந்தால் குருப்பட்டம் ஏற்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பிறகு முடியாது. மனைவி செத்தாலும் இன்னொருத்தியைக் கட்ட முடியாது. ஸ்கறியா அச்சன் அப்போது எய்டட் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். செமினாரிப் படிப்பும் முடித்திருந்தார். பட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள், பெண் அமையவில்லை. ஓட்டமும் நடையுமாகப் பெண் தேடி, ராந்நியில் கண்டுபிடித்து, மூன்று வாரத்தில் கல்யாணத்தை முடித்தார்கள். இருபத்திரண்டு வயதில் அவள் கொச்சம்மா ஆனாள்.

நாங்கள் பள்ளி என்று சொல்லும் தேவாலயத்துக்குள் முதல் ஞாயிறு அவள் நுழைந்தபோது, அவளுடைய அம்மாவைவிட மூத்த பெண்களெல்லாம் எழுந்து நின்றார்கள். அவள் பின்னால் யாரோ பெரிய மனுஷி வருகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். என்ன சிரிப்பு அது! கூரை ஓடு ஆடும். அடுத்த மாதமே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டாள்.

இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கின, பூமியில் தங்கவில்லை. பதினாறு வருஷம் கழித்து, ஐப்பசித் துலாமழையில் ஒரு நோயாளிக்கு நற்கருணை கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அச்சனின் ஸ்கூட்டர் வழுக்கியது. அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வீட்டில் மிச்சம் இருந்தது அவளும், அம்மச்சி என்று நாங்கள் கூப்பிடும் அச்சனின் அம்மாவும், இரண்டு பசுக்களும்.

அச்சன் வாத்தியாராகவும் இருந்ததால் ராஹேலுக்குக் குடும்ப பென்ஷன் வந்தது. அதில்தான் அம்மச்சியின் சர்க்கரை ஊசி, அரிசி, கரண்டு பில் எல்லாம் ஓடியது. அந்த பென்ஷனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. விதவை மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடும். செய்துகொள்ளவில்லை என்று வருஷா வருஷம் நவம்பரில் ஒரு சான்று எழுதி, கெஜட்டட் ஆபீசர் ஒருவரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கி, டவுன் ட்ரஷரியில் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் கெஜட்டட் ஆபீசர் என்றால் மாட்டு டாக்டர்தான். ஊரில் பாதிப் பேருடைய ஒழுக்கத்துக்கு நற்சான்று கொடுத்தவர், மீதி நேரத்தில் ஆடுகளுக்குப் பேதி மருந்து கொடுத்தார்.

டாக்டர் குருவிளா எங்கள் ஊருக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அடூர்ப் பக்கம். மனைவி புற்றுநோயில் போனபிறகு தனியாக வந்தவர். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வாடகை வீடு. மனிதர்களிடம் பேசுவதைவிட மாடுகளிடம் அதிகம் பேசுவார். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் பேப்பரையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அதனால் பொய்ச் சான்று வேண்டியவர்கள் அடுத்த ஊருக்கு பஸ் ஏறினார்கள். ராஹேலின் பேப்பரை ஆறு வருஷம் படித்தார், ஆறு வருஷம் போட்டார்.

ஏழாவது நவம்பர் அவள் வந்தாள். வெளியே மழை. குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, நைலான் பையிலிருந்து பேப்பரை எடுத்து மேசைமேல் வைத்தாள். நான் பக்கத்தில் சிரிஞ்சு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் படித்தார். 'காலஞ்சென்ற ஸ்கறியாவின் மனைவி ராஹேல் நாளது தேதிவரை மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று எனக்குத் தெரிந்தவரை சான்றளிக்கிறேன்.' பச்சைப் பேனாவைத் திறந்தார். மறுபடி ஒரு தடவை படித்தார். பிறகு மூடிவிட்டார்.

"கொச்சம்மா, இதுல நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

அவள் முகம் சிவந்தது. ஏன் என்று கேட்கவில்லை. பேப்பரை மடித்துப் பையில் வைத்தாள். "சரி டாக்டர்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாள். குடை வாசலிலேயே இருந்தது.

நீங்களே சொல்லுங்கள், ஏன் என்று கேட்காதவளுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? பொய்ச் சான்று கொடுக்காத டாக்டர், கையெழுத்துப் போட மறுக்கிறார். இதற்கு என்ன அர்த்தம்? நான் பத்தாம் வகுப்புவரை படித்தவள். கூட்டிக் கழித்துப் பார்த்தேன். கூட்டிக் கழித்ததை அன்று சாயங்காலமே பால் சொசைட்டியில் மறியக்குட்டியிடம் சொன்னேன்.

"டாக்டர் கொச்சம்மாவுக்குப் போட மாட்டேன்னுட்டாரு. அவரு சும்மா அப்படிச் சொல்ற ஆளா?"

"கர்த்தாவே! அப்ப கல்யாணக் கெட்டு முடிஞ்சுதா? யாரு?"

"அது எனக்கென்ன தெரியும். நான் ஒண்ணும் சொல்லலை, ஆமா."

நான் ஒன்றும் சொல்லவில்லைதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரே சொல்லி முடித்துவிட்டது. தொடுபுழையில் ஒரு ரப்பர் வியாபாரியோடு ரிஜிஸ்டர் கல்யாணம் என்றார்கள். இல்லை, ரிட்டயரான பட்டாளத்துக்காரர் என்றார்கள். பட்டாளத்துக்காரருக்கு மீசையும் ஒட்டிவிட்டார்கள். பென்ஷன் போய்விடும் என்று மறைக்கிறாளாம். கர்த்தாவின் பீடத்துக்கு முன்னால் அச்சனின் மனைவி மாதிரி நின்றுகொண்டு, வேறொருத்தனுக்குக் குடும்பம் நடத்துகிறாளாம்.

அவள் வில்லேஜ் ஆபீசரிடம் போனாள், அவர் கையெழுத்தும் ட்ரஷரியில் செல்லும். அவரும் காது உள்ள மனுஷன்தானே. "கொஞ்சம் விசாரிச்சுட்டுத் தர்றேன் கொச்சம்மா, தப்பா நினைக்காதீங்க" என்று பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டார். டிசம்பர் பென்ஷன் வரவில்லை.

பணத்தை விடுங்கள். நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை நான் பார்த்ததை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் இடவகையில், அதாவது எங்கள் பங்கில், ஒரு வழக்கம். கல்யாணத்துக்குப் பள்ளிக்குப் போகும் மணப்பெண், வழியில் கொச்சம்மா வீட்டு வாசலில் காரை நிறுத்துவாள். கொச்சம்மா அவள் நெற்றியில் சிலுவை வரைந்து, தலையில் முக்காட்டைச் சரி செய்து அனுப்புவாள். மணப்பெண்ணை விதவை தொடக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிற ஊர்தான் இது. ஆனால் அச்சனின் மனைவி விதவை ஆவதே இல்லை என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. ஸ்கறியா அச்சன் போனபிறகும் பத்து வருஷமாக ஒவ்வொரு பெண்ணும் அந்த வாசலில் நின்றுதான் போனாள்.

டிசம்பர் ஒன்றாம் தேதி நோன்பு தொடங்கிவிடும், பிறகு கிறிஸ்துமஸ் வரை கல்யாணம் கிடையாது. நோன்புக்கு முந்தைய கடைசிச் சனிக்கிழமை பள்ளியின் கைக்காரர் உம்மச்சனின் மகளுக்குக் கல்யாணம். கைக்காரர் என்றால் பள்ளியின் சொத்தும் சாவியும் அவர் கையில். ராஹேல் சந்தன நிறப் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அம்மச்சி முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் மணப்பெண் காருக்குப் பின்னால் வந்த ஜீப்பில் இருந்தேன். அந்த வீட்டுப் பக்கம் ஒரு வளைவு உண்டு, எந்த வண்டியும் அங்கே வேகம் குறைக்கும். காரும் குறைத்தது. ராஹேல் ஒரு படி இறங்கி, கையைத் தூக்கினாள்.

கார் வளைவைத் திரும்பி வேகம் எடுத்துப் போய்விட்டது.

தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையால் புடவைத் தலைப்பை இழுத்துச் சரி செய்துகொண்டாள், முதலிலிருந்தே அதற்காகத்தான் தூக்கியது போல. எங்கள் ஜீப்பும் அவளைத் தாண்டியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கல்யாண வீட்டில் அப்பமும் ஆட்டிறைச்சி ஸ்டூவும் வைத்தார்கள். ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். அழுதேன். மிளகு காரம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன்.

மறுநாள் ஞாயிறு, குர்பானாப் பூசைக்கு அவள் வந்தாள். முன்வரிசையில் அவள் இடம் காலியாக இருந்தது. செருப்புக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில், கடைசியில் நின்றாள்.

திங்கட்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போனேன். மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"கொச்சம்மா, இந்தப் பேச்சைக் கிளப்பி விட்டது நான்தான்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "என்னன்னு சொன்னீங்க சேச்சி?"

சொன்னேன். ரப்பர் வியாபாரி, பட்டாளத்துக்காரர், மீசை, எல்லாம் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ராந்நிச் சிரிப்பு. மாடு மிரண்டு விலகியது.

"ரெண்டு பேரா? ஒருத்தரைக் கட்டவே எனக்குத் தைரியம் வரலை, ரெண்டு பேரைக் கட்டி வச்சுட்டீங்களா?"

சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். மாட்டின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகுதான் நடந்ததைச் சொன்னாள்.

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம் அவளுடைய பசு கன்று போட்டுவிட்டு எழுந்திருக்காமல் படுத்துவிட்டது. டாக்டர் வந்து கால்சியம் ஏற்றினார். பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்தபடி அவள் ஒரு மணி நேரம் நின்றாள். அவர் மாட்டின் காதைத் தடவிக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தார்.  மாடு எழுந்து நின்றபிறகு, கையைக் கழுவிக்கொண்டே அவர் சொன்னாராம்: "கொச்சம்மா, அடுத்த நவம்பர்ல அந்தப் பேப்பரை நீங்க எடுத்துட்டு வராம இருந்தா எனக்கு சந்தோஷமா இருக்கும்."

ஒரு மனுஷன் கல்யாணம் கேட்கிற லட்சணத்தைப் பாருங்கள். மாட்டுக்குக்கூட அவர் இன்னும் தெளிவாகச் சொல்வார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லலை. கட்டஞ்சாயா போட்டுக் குடுத்தேன். ஏழு மாசம் யோசிச்சேன் சேச்சி. ராத்திரி அவர் கையைக் கழுவின சத்தம்தான் காதுல இருந்துது. நவம்பர் வந்துது, பேப்பரை எடுத்துட்டுப் போயிட்டேன். அதான் என் பதில். அது அவருக்குப் புரிஞ்சுது."

"அப்ப, இஷ்டம் இல்லையா?"

"இஷ்டம் இல்லாதவ ஏழு மாசம் யோசிப்பாளா?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள். "பென்ஷன் நின்னா அம்மச்சிக்கு யாரு ஊசி வாங்குவா? அச்சனை அடக்கம் பண்ணின அன்னிக்கு அந்த அம்மா கையைப் பிடிச்சு, நான் எங்கயும் போகமாட்டேன்னு சொன்னேன். இன்னொருத்தரைக் கட்டிக்கிட்டு எந்த முகத்தோட அவங்க மகன் வீட்டுல இருப்பேன்? அவங்களை விட்டுட்டுப் போகவும் முடியாது, கூட்டிட்டுப் போகவும் முடியாது. அதோட, என்னை இந்த ஊர் கொச்சம்மான்னு தூக்கி வச்சுது. அதை நான் கீழ போடலாமா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் வாளியைத் தூக்கினாள்.

"மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆகும் சேச்சி. இப்ப போங்க."

போனேன். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை அவரிடம் குரல் உயர்த்தியதில்லை.

"சார், உங்க நேர்மையில ஒரு பொம்பளை தெருவுல நிக்கிறா, தெரியுமா?"

தெரியாது. ஊரில் நாய் குட்டி போட்டால் தெரியும், இது தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

"நான் அவங்களைக் கல்யாணத்துக்குக் கேட்டவன் பெண்ணம்மா. அவங்க கட்டிக்கலைன்னு நானே எப்படிச் சான்று குடுக்கறது? கட்டிக்கக் கூடாதான்னு நினைக்கிறவன் நான். சம்பந்தப்பட்டவன் கையெழுத்துப் போடக் கூடாதில்லையா?"

"அதை அன்னிக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க பக்கத்துல இருந்தீங்களே" என்றார் பாவம். 

அடுத்த ஞாயிறு குர்பானா முடிந்து, இப்போது பள்ளியை நடத்தும் விகாரியச்சன் அறிவிப்புகளைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடியபோது, ஆண்கள் பக்கத்திலிருந்து டாக்டர் எழுந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பசுவின் வயிற்றுக்குள் கையை விடும் முன் அவர் செய்வது அது.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். "நான் ராஹேல் கொச்சம்மாகிட்ட கல்யாணத்துக்குக் கேட்டேன். அவங்க சம்மதிக்கலை. கேட்டவனே சான்று குடுக்கறது முறையில்லைன்னுதான் நான் கையெழுத்துப் போடலை. அவங்களுக்குக் கல்யாணம் நடக்கலை, யாரோடயும் நடக்கலை. தப்பு முழுக்க என்னோடது."

உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் நின்ற ராஹேல் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். அம்மச்சி மட்டும் கழுத்தைத் திருப்பி டாக்டரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், சந்தையில் காளை பார்க்கிற மாதிரி.

பிறகு எல்லாம் சரியாயிற்று. விகாரியச்சன் சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன். அவரே ராஹேலோடு வில்லேஜ் ஆபீசுக்குப் போனார். கையெழுத்து ஆயிற்று. ஜனவரியில் பென்ஷன் சேர்ந்து வந்தது. உம்மச்சன் வீட்டிலிருந்து கல்யாணக் கேக் ஒரு துண்டு வந்தது, ஒன்றரை மாதம் கழித்து, கல்லு மாதிரி. முன்வரிசை இடத்தை அவளுக்கு விட்டுவிட்டு எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். என்னைத் தவிர எல்லாரும் அந்தப் பேச்சை நம்பாதவர்களாக மாறிவிட்டார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்த முதல் கல்யாணத்தில், மணப்பெண்ணின் கார் அவள் வாசலில் நின்றது. நான் வேண்டுமென்றே அங்கே போய் நின்றேன். அவள் எதிர்பார்க்கவில்லை போல, பழைய வீட்டுப் புடவையில் இருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து அந்தப் பெண்ணின் நெற்றியில் சிலுவை வரைந்தாள், முக்காட்டைச் சரி செய்தாள், கன்னத்தைத் தட்டினாள். கார் போனபிறகு வாசலிலேயே நின்றாள்.

"எல்லாம் திரும்பி வந்துட்டுது, பார்த்தீங்களா" என்றேன்.

"ஆமா சேச்சி. ஒரு பேப்பர் இல்லைன்னதும் போச்சு, பேப்பர் வந்ததும் வந்துட்டுது." கார் திரும்பிய வளைவைப் பார்த்தாள். "பத்து வருஷமா என்னைத்தான் மதிக்கிறாங்கன்னு நினைச்சிருந்தேன். இதுக்குப் பயந்துகிட்டா ஒரு நல்ல மனுஷனை வேணாம்னு சொன்னேன்?"

அப்போது என் நாக்கு மறுபடி அரித்தது. டாக்டர் வெட்கம் தாங்காமல் இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். வயநாட்டுக்கு. உத்தரவு மாதக் கடைசியில் வந்துவிடும். பேப்பரைத் தபாலில் சேர்த்தது நான்தான், ஐந்து நாளாக ஒருத்தரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். என் வாழ்க்கையிலேயே அதுதான் அதிகம்.

"கொச்சம்மா, அவரு வயநாடு போறாரு" என்றேன்.

 உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். செருப்பைப் போட்டாள். தனியாக நடந்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். அன்று அவள் பின்னால் போகாமல் அங்கேயே நின்றேன், அதற்காகக் கர்த்தா எனக்குக் கொஞ்சம் புண்ணியம் எழுதியிருப்பார். என்ன பேசினார்களோ தெரியாது. மறுநாள் டாக்டர் இடமாற்ற விண்ணப்பத்தை வாபஸ் வாங்கி ஒரு கடிதம் எழுதினார். அதையும் நானே தபாலில் சேர்த்தேன்.

அம்மச்சியிடம் ராஹேல் எப்படிச் சொன்னாள் என்பதும் எனக்குத் தெரியாது. சொன்ன அன்றிலிருந்து அம்மச்சி அவளிடம் பேசவில்லை என்று மட்டும் தெரியும். நாலு நாள். கஞ்சியை வைத்தால் குடிப்பாள், ஊசிக்குக் கையை நீட்டுவாள், வாயைத் திறக்க மாட்டாள். ஐந்தாம் நாள் ராஹேல் விகாரியச்சனைப் பார்க்கக் கிளம்பியபோது, அம்மச்சியும் கைத்தடியை எடுத்துக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். எதற்கு என்று கேட்க ராஹேலுக்குப் பயம். இறக்கி விடவும் ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார்கள்.

விகாரியச்சனின் அறையில் உம்மச்சனும் இருந்தார். கல்யாண விஷயம் என்றால் கைக்காரர் இருக்க வேண்டும். விகாரியச்சன் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"தடை ஒண்ணும் இல்லை" என்றார். "அச்சன்மாருக்குத்தான் ரெண்டாம் கெட்டு கிடையாது. உங்களுக்கு அப்படி எழுதி வச்சதா எனக்குத் தெரியலை. ரெண்டாம் கல்யாணத்துக்கு சுச்ரூஷை ஜெபம் சின்னதா இருக்கும், கிரீடம் வைக்கிறது இருக்காது. அவ்வளவுதான்."

உம்மச்சன் தொண்டையைச் செருமினார். "பென்ஷன் நின்னுடும்."

"தெரியும். ரெண்டு பசு இருக்கு. அம்மச்சி மருந்துக்கு டாக்டர் பொறுப்புன்னு சொல்லியிருக்காரு. நான் கேட்காமலே சொன்னாரு."

"அந்த பென்ஷனுக்குப் பதிலா டாக்டர் பென்ஷனை எதிர்பார்க்கலாம்" என்று நான் குறுக்கே சொன்னேன். "அவரும் போயிட்டா மறுபடி ஒரு பேப்பர் எழுதணும், அவ்வளவுதானே." யாரும் சிரிக்கவில்லை. விகாரியச்சன் மட்டும் தண்ணீர் குடிப்பதுபோல டம்ளருக்குள் முகத்தை மறைத்தார்.

"அப்புறம், இனிமே கொச்சம்மான்னு கூப்பிட முடியாது" என்றார் உம்மச்சன்.

"ராஹேல்னு கூப்பிடுங்க. எங்கப்பா அந்தப் பேரைத்தான் வச்சாரு."

நன்றாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் வீட்டில் யோசித்து வைத்திருந்தாள் என்று தெரிந்தது. கடைசியில் உம்மச்சன் ஒன்று கேட்டார். அதை மட்டும் அவள் யோசித்திருக்கவில்லை.

"அச்சனோட கல்லறை ரெண்டு பேருக்குக் கட்டினது. இடவகைப் பணம். ஒரு பக்கம் அச்சன் படுத்திருக்காரு, மறுபக்கம் உங்களுக்கு. கல்லுல உங்க பேரும் பிறந்த வருஷமும் செதுக்கியாச்சு, மத்த வருஷம்தான் பாக்கி. இன்னொருத்தர் மனைவியை அச்சன் பக்கத்துல வைக்க முடியாதே. கமிட்டில கேட்பாங்க. அந்த இடத்தை என்ன செய்யறதுன்னு சொல்லுங்க."

 பத்து வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கல்லைத் தன் முந்தானையால் துடைத்தவள் அவள். பென்ஷன் போகட்டும் என்றாள், பெயர் போகட்டும் என்றாள். ஆனால் அவரை அங்கே தனியாகப் படுக்க விட்டுவிட்டுப் போகிறாள் என்று யாரோ சொன்ன மாதிரி ஆகிவிட்டது.  நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் இப்போது எழுந்து, வேண்டாம் அச்சா, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு நொடி போயிருந்தால் சொல்லியிருப்பாள்.

"அந்தப் பாதி எனக்கு வேணும்."

அம்மச்சி. நாலு நாளாகத் திறக்காத வாய்.

உம்மச்சன் திடுக்கிட்டார். "அம்மச்சி, உங்களுக்கு உங்க வீட்டுக்காரர் பக்கத்துல இடம் இருக்கே..."

"அந்த மனுஷன் பக்கத்துல நாப்பத்தொன்பது வருஷம் படுத்தாச்சு. குறட்டை. போதும்." கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "என் பிள்ளை மூணு வயசு வரைக்கும் என் பக்கத்துலதான் படுத்தான். இனியும் படுத்துக்கறோம். இவ பேரைச் செதுக்கி எடுத்துட்டு என் பேரை வெட்டுங்க."

"அம்மச்சி" என்றாள் ராஹேல்.

"நீ சும்மா இரு. உயிரோட இருக்கிற பொண்ணு பேரைக் கல்லுல வெட்டி வச்சுட்டு, பத்து வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. எனக்கு அது பிடிச்சிருந்துதுன்னா நினைக்கிறே? நீ என்னை விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயம், அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நாலு நாளா யோசிச்சேன். அந்த டாக்டரு நம்ம வீட்டுக்கு வந்து இருக்கட்டும். நான் எங்கயும் மாற மாட்டேன். ஊசி அவரே போடட்டும்."

"அவர் மாட்டு டாக்டர் அம்மச்சி."

"போடற கை ஒண்ணுதானே. உன்னைவிட வலிக்காம போடுவாரு."

ராஹேல் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, கிழவியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் இந்த முறை மிளகின்மேல் பழி போடவில்லை, வெளிப்படையாகவே அழுதேன். உம்மச்சன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். விகாரியச்சன் கல்யாண அறிவிப்பை விளிச்சொல்லும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவோடு, யார் முதலில் பேசுவார்கள் என்று காத்திருந்தார்.

அம்மச்சி ஒரு கையால் ராஹேலின் தலையைத் தடவிக்கொண்டே, இன்னொரு கையால் கைத்தடியைத் தரையில் தட்டினாள்.

"எழுது அச்சா. அடுத்த ஞாயிறே விளிச்சுச் சொல்லிடு, நாளைத் தள்ளாதே. எனக்கு அந்த இடம் எப்ப வேணும்னு தெரியாது. அதுக்கு முன்னாடி இவ கழுத்துல மின்னுத் தாலி ஏறுறதை நான் பார்க்கணும்."

விகாரியச்சன் எழுதினார்.